பால் கணக்குக்கு ஒரு சேவையகம்: மூன்று ஹோஸ்டிங் சேவைகளைப் பாவித்துப் பார்த்த அனுபவம்

கிளிநொச்சிக்குக் கிழக்கே, தருமபுரம், விசுவமடுப் பக்கத்துக் கிராமங்களில் மாடு வளர்ப்போர் சேர்ந்து நடத்தும் ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் இணையத்தளத்தை 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து நான் பராமரித்து வருகிறேன். காலை ஐந்தரை மணிக்கே சைக்கிளிலும் மோட்டார்சைக்கிளிலும் பாற்கலன்கள் நிலையத்துக்கு வந்துவிடும். லீற்றரை அளந்து, பால்மானி விட்டுப் பார்த்து, கொழுப்புச் சதவீதத்தைக் கணித்து, உறுப்பினரின் பால் கொப்பியில் பேனையால் எழுதியபின், அதே எண்களை நிலையத்தில் நிற்கும் பிள்ளை கைத்தொலைபேசியில் பதிவார். பதிந்தவை அனைத்தும் ஒரு தரவுத்தளத்தில் சேரும். உறுப்பினர் தமது இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் கொடுத்துத் திறந்தால், அன்றைக்கு ஊற்றிய பாலின் அளவும், அந்தப் பதினைந்து நாளுக்குரிய தொகையும், தீவனக் கடனுக்காகக் கழிபட்ட காசும் அவருக்குத் தெரியும். தளத்தின் வேலை இவ்வளவுதான். ஆனால் அங்கே இருப்பது ஏறத்தாழ நானூறு குடும்பங்களின் கைக்காசுக் கணக்கு என்பதால், அதை எங்கே வைப்பது என்ற கேள்வி எனக்கு ஒருநாளும் சிறிய கேள்வியாக இருந்ததில்லை.

ஒரு பாடசாலையின் பவளவிழாப் படங்களை வைத்திருக்கும் தளத்துக்கு ஏறக்குறைய எந்த ஹோஸ்டிங் சேவையும், அதாவது தளத்தைத் தனது கணினியில் வைத்து இணையத்தில் காட்டும் எந்த நிறுவனமும், போதும். சேவையகம் எனப்படும் அந்தக் கணினி ஒருநாள் படுத்துவிட்டால், மறுநாள் அதே படங்களைத் திரும்ப ஏற்றிவிடலாம். நாள்தோறும் எழுதப்படும் தரவுத்தளம் அப்படிப்பட்டதன்று. நேற்றைய பிரதியில் இன்றைய பால் இருக்காது. ஆகவே இந்த மதிப்பீட்டில், விலையையும் வேகத்தையும் பார்ப்பதற்கு முன்னர், தரவுத்தளம் உண்மையில் யாருடைய கையில் இருக்கிறது, அதை நாம் நினைத்த நேரத்தில் வெளியே எடுக்க முடியுமா என்பதை வைத்தே ஒவ்வொரு சேவையையும் எடைபோடுகிறேன். இந்தப் புத்தி எனக்குத் தொடக்கத்தில் இருக்கவில்லை. இரண்டு சேவைகளில் அடிபட்ட பிறகுதான் வந்தது.

முதலாவது சேவை அமெரிக்காவில் இருந்தது. மாதம் மூன்று டொலருக்கும் குறைவு என்று விளம்பரப்படுத்தியிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், மூன்றாண்டுப் பணத்தையும் ஒரேயடியாகக் கட்டுபவருக்கு மட்டுமே அந்த விலை, புதுப்பிக்கும்போது அது மும்மடங்கு ஆகும் என்று சிறிய எழுத்தில் எழுதியிருந்தது. சங்கத்திடம் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு ஏற்ற வங்கி அட்டை இல்லாததால், கனடாவில் இருக்கும் உறுப்பினர் ஒருவரின் மகன் தமது அட்டையில் ஓராண்டுக்குக் கட்டித் தந்தார். அந்த அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். வன்னியில் இயங்கும் எத்தனையோ நூலகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இப்படித்தான் தமது தளங்களைத் தொடங்கின. எனினும் அதில் ஒரு பொறி இருக்கிறது: கணக்கு அவருடைய பெயரில், மின்னஞ்சல் அவருடையது, அட்டையும் அவருடையது. 2022இல் புதுப்பிக்கும் காலம் வந்தபோது அந்த அட்டை காலாவதியாகியிருந்தது. நினைவூட்டல் மடல்கள் அவர் பார்ப்பதை நிறுத்திவிட்ட ஒரு பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. எட்டு நாள் தளம் திறக்கவில்லை. அதே காலத்தில்தான் இங்கே டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 350 ரூபாவையும் தாண்டியது. மின்வெட்டும் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அவர் புதிய அட்டையைக் கொடுத்துத் தளத்தை மீட்டுத் தந்தார். ஆனால் மும்மடங்கு விலையும், அதற்கு மேலே விழுந்த ரூபாவும் சேர்ந்து, அந்தச் சேவையைத் தொடர்வது சங்கத்துக்குத் தாங்காது என்பது தெளிவாகிவிட்டது.

தூரத்தைப் பற்றியும் ஒரு சொல். சேவையகம் அமெரிக்காவில் இருந்தால், இங்கிருந்து ஒரு தரம் போய்த் திரும்புவதற்கு ஏறத்தாழ கால் வினாடி ஆகிறது. பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கவே அப்படி இரண்டு மூன்று தரம் போய்வர வேண்டியிருப்பதால், முதலாவது எழுத்து திரையில் விழுமுன் ஒரு வினாடி கழிந்துவிடும். கொழும்பில் இருந்து பார்ப்பவர் இதைப் பொருட்படுத்த மாட்டார். இரணைமடுவுக்கு அப்பால், ஒற்றைக் கோடு மட்டும் காட்டும் சிக்னலில் பழைய தொலைபேசியை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அந்த ஒரு வினாடி ஐந்தாகவும் பத்தாகவும் நீளும்.

இரண்டாவதாக, ரூபாவில் கட்டக்கூடிய ஓர் உள்நாட்டுச் சேவைக்கு மாறினோம். வங்கியில் வைப்பிட்டுப் பற்றுச்சீட்டை அனுப்பினால் போதும். தொலைபேசி எடுத்தால் மனிதர் ஒருவர் பதிலளிப்பார். ஒன்றரை ஆண்டுக்கு மேலாக நல்ல சேவை என்றே பலருக்கும் சொல்லி வந்தேன். அவர்கள் தந்தது பகிர்வு ஹோஸ்டிங், அதாவது ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும் ஏற்பாடு. இடமும் போக்குவரத்தும் ‘வரையறையற்றவை’ என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லில் யாரும் மயங்கவேண்டாம். வட்டில் இடத்துக்கு எல்லை இல்லாவிட்டாலும், ஒரு கணக்கு ஒரே நேரத்தில் எத்தனை நிரல்களை ஓட்டலாம், தரவுத்தளத்துக்கு எத்தனை இணைப்புகளைத் திறக்கலாம் என்பதற்குக் கட்டாயம் எல்லை இருக்கும். தரவுத்தளத்தை நம்பியிருக்கும் தளத்தை முடக்குவது அந்த எல்லைதான்.

எங்களுக்கு அது கொடுப்பனவு நாளில் தெரிந்தது. மாதத்தில் இரண்டு நாள், காசு வங்கியில் விழுந்த செய்தி ஊரில் பரவிய அரைமணி நேரத்துக்குள், உறுப்பினர்களில் பாதிப்பேர் ஒரே நேரத்தில் தங்கள் கணக்கைத் திறப்பார்கள். இணைப்புகளின் எண்ணிக்கை மிஞ்சிவிட்டது என்ற பிழைச்செய்தி மட்டும் அவர்களுக்குத் தெரியும். சேவை நிலையத்துக்கு அழைத்தேன். கூடுதல் விலையுள்ள திட்டத்துக்கு மாறுங்கள் என்றார்கள். மாறுவதற்கு முன் என் பக்கத்தையும் பார்ப்போம் என்று ஓர் இரவு உட்கார்ந்து, தளம் தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளான வினவல்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தபோது, பிழையின் பெரும்பகுதி என்னுடையது என்பது தெரியவந்தது. மூன்று இலட்சத்தைத் தாண்டிய வரிசைகள் கொண்ட பால் அட்டவணையில், உறுப்பினர் இலக்கத்துக்கும் திகதிக்கும் சேர்த்து ஒரு சுட்டி, அதாவது புத்தகத்தின் சொல்லடைவுபோலத் தேடும் வரிசையை உடனே காட்டும் பட்டியல், போடப்பட்டிருக்கவில்லை. ஒருவர் தமது பதினைந்து நாள் கணக்கைக் கேட்டால், தரவுத்தளம் மூன்று இலட்சம் வரிசைகளையும் முதலிலிருந்து கடைசிவரை புரட்டிக்கொண்டிருந்தது. ஒரேயொரு கட்டளையில் அந்தச் சுட்டியைப் போட்டபின், நான்கு வினாடி எடுத்த வினவல் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்தது. இணைப்புகளும் உடனுக்குடன் விடுபட்டன. அதன்பின் ஒரு கொடுப்பனவு நாளிலும் தளம் சிக்கவில்லை. ஆகவே ஹோஸ்டிங்கை மாற்ற முடிவெடுக்கும் எவரும், முதலில் தமது வினவல்களுக்கு உரிய சுட்டிகள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். மாதம் இரண்டாயிரம் ரூபா கூடுதலாகக் கட்டி மறைக்கவேண்டிய குறையன்று அது.

அந்தச் சேவையை விட்டு வெளியேற வைத்தது வேறொரு சம்பவம். 2024இன் தொடக்கத்தில் ஒரு காலை, வயதான உறுப்பினர் ஒருவர் தொலைபேசியும் கையுமாகச் சேகரிப்பு நிலையத்துக்கு வந்தார். “தம்பி, என்ர பேர் எங்க? எல்லாம் கேள்விக்குறியாக் கிடக்கு” என்று திரையைக் காட்டினார். இலக்கங்கள் அப்படியே இருந்தன. பெயர், ஊர், குறிப்பு என்று தமிழில் எழுதியிருந்தவை அத்தனையும் கேள்விக்குறிகளாக மாறியிருந்தன. “அம்மா, கணக்கு பத்திரமா இருக்கு, பேர்தான் அழிஞ்சு போச்சு, சரிப்படுத்தித் தாறன்” என்று சொல்லிவிட்டு வந்து விசாரித்தபோது, முதல்நாள் இரவு எங்கள் கணக்கை வேறொரு சேவையகத்துக்கு மாற்றியதாகச் சொன்னார்கள். முன்னறிவித்தல் எதுவும் எங்களுக்கு வந்திருக்கவில்லை.

நடந்தது இதுதான். தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைற்றுகளில் சேமிக்கப்படுகிறது. மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளோ 8.0 பதிப்பு வரும்வரை, வேறொன்றையும் குறிப்பிடாவிட்டால், இலத்தீன் எழுத்துகளுக்குரிய குறியீட்டையே தானாக எடுத்துக்கொள்ளும். தரவை மாற்றும்போது எழுத்துக்குறியீட்டைக் குறிப்பிடாமல் விட்டால், அந்தக் குறியீட்டில் இடமில்லாத தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு கேள்விக்குறி எழுதப்பட்டுவிடும். இங்கே ஒரு வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது. தமிழுக்குப் பதிலாக, தலையில் கோடும் புள்ளியும் வைத்த விசித்திர இலத்தீன் எழுத்துகள் தெரிந்தால் கலங்க வேண்டியதில்லை. பைற்றுகள் உள்ளே அப்படியே இருக்கின்றன, வாசிக்கும் முறைதான் பிழை, திருத்திவிடலாம். தரவுத்தளத்துக்குள்ளேயே கேள்விக்குறியாக எழுதப்பட்டுவிட்டால் அது போனது போனதுதான். எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

அவர்களிடம் காப்புப் பிரதி இருந்தது. ஆனால் நாளுக்கொரு தரம் பழையதன் மேலேயே புதியதை எழுதும் ஏற்பாடு என்பதால், நாங்கள் கேட்ட நேரத்தில் அந்தப் பிரதிக்குள்ளும் கேள்விக்குறிகளே இருந்தன. எங்களைக் காப்பாற்றியது சங்க அலுவலகக் கணினியில் நான் எடுத்து வைத்திருந்த, பதினொரு நாள் பழைய பிரதி. பெயர்களை அதிலிருந்து எடுத்துவிட்டோம். அந்தப் பதினொரு நாளுக்குள் சேர்ந்த புதிய உறுப்பினர்களின் விவரங்களையும், கன்று ஈன்றது, பால் புளித்ததால் திருப்பியது, வேறொருவர் பெயரில் ஊற்றியது போன்ற குறிப்புகளையும் பால் கொப்பிகளை வாங்கி வந்துதான் திரும்ப அடித்தோம். ஓரங்களில் பால் ஊறிக் காய்ந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்த கொப்பிகள் அவை. ஒவ்வொரு தாளையும் நகத்தால் மெல்லப் பிரித்து, ஒருவர் வாசிக்க மற்றவர் அடிக்க, இரண்டு இரவு சென்றது. அந்தச் சேவையினர் மன்னிப்புக் கேட்டார்கள். நான் கோபப்படவில்லை, ஆனால் தொடர்ந்து அங்கே இருக்கவும் மனம் ஒப்பவில்லை.

பெரிய நிறுவனமாக இருந்தால் இப்படி நடக்காது என்று நினைப்போருக்கு ஒரு செய்தியை நினைவூட்டுகிறேன். 2021 மார்ச் 10ஆம் திகதி, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஐரோப்பாவின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்றான ஓவிஎச்சின் தரவு மையம் ஒன்று தீப்பற்றி முற்றாக எரிந்துபோனது. இலட்சக்கணக்கான தளங்கள் ஒரே இரவில் மறைந்தன. காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒருசேர இழந்தார்கள். பிரதி இன்னொரு கட்டடத்தில், முடிந்தால் இன்னொரு நிறுவனத்திடம் இருக்கவேண்டும் என்பதில் நான் அதன்பின் எந்த விட்டுக்கொடுப்பும் செய்வதில்லை.

மூன்றாவது சேவையைத் தெரிவு செய்யும்போது, காசு கட்டுமுன்னரே எங்கள் தரவுத்தளத்தின் பிரதியொன்றை ஏற்றி இறக்கிப் பார்க்கவேண்டும் என்று முடிவெடுத்தோம். பரிசோதனைக் கணக்குத் தர மறுத்த சேவைகளை அங்கேயே விட்டுவிட்டோம். ‘99.9 சதவீதம் இயங்கும்’ என்ற உத்தரவாதத்துக்கும் நான் அதிக மதிப்புக் கொடுக்கவில்லை. கணக்குப் பார்த்தால், அந்த வாக்குறுதியை மீறாமலேயே மாதத்துக்கு 43 நிமிடமும், ஆண்டுக்கு எட்டே முக்கால் மணித்தியாலமும் தளம் நின்றுபோகலாம். அந்த 43 நிமிடம் நள்ளிரவில் வந்தால் எங்களுக்குக் கவலையில்லை. காலை ஐந்தரைக்கு வந்தால் வரிசையில் கலன்கள் நிற்கும்.

முடிவில் டிஜிற்றல்ஓஷன் நிறுவனத்தின் பெங்களூர் மையத்தில், மாதம் 6 டொலர் விலையுள்ள சிறிய மெய்நிகர் சேவையகம் ஒன்றை, அதாவது பெரிய இயந்திரமொன்றில் நமக்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு பங்கை, எடுத்தோம். ஒரு ஜிபி நினைவகம், 25 ஜிபி வட்டு, மாதம் ஆயிரம் ஜிபி போக்குவரத்து. எங்கள் தேவைக்கு வட்டும் போக்குவரத்தும் மிக அதிகம், நினைவகம் சற்றே இறுக்கம். வாரமொரு காப்புப் பிரதிக்கு விலையில் 20 சதவீதம் மேலதிகமாக அறவிடுவதால், எல்லாமாக 7 டொலர் 20 சதம் வருகிறது. டொலர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 2,160 ரூபா. உறுப்பினர் ஒருவருக்கு ஆறு ரூபாவும் ஆகாது. முதலாண்டுக்கு ஒரு விலை, பிறகு ஒரு விலை என்ற விளையாட்டு இங்கே இல்லை. பாவித்த நேரத்துக்கு ஏற்ப அறவிட்டு மாத இறுதியில் சிட்டை அனுப்புகிறார்கள். சேவையகத்தை நிறுத்தி வைத்தாலும் அதை அழிக்கும்வரை கட்டணம் ஓடும் என்பதை மட்டும் தொடங்குபவர்கள் மறக்கக்கூடாது.

இந்தமுறை கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கிறது. நிர்வாகசபைத் தீர்மானத்தின் பிரதியோடு வங்கிக்குப் போய், சங்கக் கணக்கின் பற்று அட்டையை வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்குத் திறந்து தருமாறு எழுத்தில் கேட்டோம். இரண்டு தரம் அலையவேண்டி வந்தாலும் கிடைத்தது. தளத்தின் பெயரை ஹோஸ்டிங் நிறுவனத்திடம் வாங்காமல் தனியாகப் பதிந்திருக்கிறோம். பெயரும் இடமும் ஒரே கையில் இருந்தால், அந்த ஒருவரோடு பிணக்கு வரும் நாளில் இரண்டையும் இழக்க நேரும். 2010ஆம் ஆண்டிலிருந்து ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் பெயர்களும் இருக்கின்றன. அடுத்த முறை அப்படியொன்றையும் சேர்த்துப் பதியவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இந்தச் சேவையின் குறை என்று சொல்லத்தக்கது, இயந்திரத்தை மட்டும் தந்துவிட்டு மற்றவற்றை நம் தலையில் விட்டுவிடுவது. லினக்ஸ் இயங்குதளம் தெரிந்த ஒருவர் இல்லாத சங்கம் இதன் பக்கம் போகவேண்டாம். தரவுத்தளம் இணைப்புகளை ஏற்கும் 3306ஆம் வாயிலை வெளியுலகுக்கு மூடுவது, பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக நிறுவப்பட வழிசெய்வது, பாதுகாப்பான இணைப்புக்குத் தேவையான, குறுகிய காலத்தில் காலாவதியாகும் லெற்ஸ் என்கிரிப்ட் இலவசச் சான்றிதழ் தானே புதுப்பிக்கப்படுகிறதா என்று கவனிப்பது எல்லாம் நமது பொறுப்பு. முதல் மாதத்தில் எனக்கு ஏற்பட்ட சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜிபி நினைவகத்தில், தளத்தை இயக்கும் பிஎச்பி நிரல்களுக்கு எல்லை வைக்காமல் விட்டதால், கொடுப்பனவு நாளில் நினைவகம் நிரம்பி, இயங்குதளம் இடம் பிடிப்பதற்காகத் தரவுத்தளத்தையே நிறுத்திவிட்டது. நிரல்களின் எண்ணிக்கையை எட்டாக மட்டுப்படுத்தி, வட்டில் இரண்டு ஜிபியை மாற்று நினைவகமாக ஒதுக்கியபின் அப்படி மீண்டும் நடக்கவில்லை. வேகத்தில் எனக்கு முழுத் திருப்தி. அமெரிக்காவிலிருந்து வந்த பக்கத்தோடு ஒப்பிட்டால், இணைப்புத் தொடங்கும் தாமதம் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது.

பழைய விவரங்களைக் கொண்டுவரும்போது இன்னொரு வேலையும் இருந்தது. சங்கத்தின் ஆரம்பகால உறுப்பினர் பட்டியல், இங்குள்ள பல அலுவலகங்களைப் போலவே, யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தது. அதை யூனிகோடுக்கு மாற்றிய பின்னரும் சில பெயர்கள் தேடலில் அகப்படவில்லை. ‘கொ’ போன்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தரவுத்தளத்துக்கு வேறு வேறாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, அட்டவணைகள் அனைத்துக்கும், மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்-8இன் முழு வடிவமான யூடிஎஃப்-8-எம்பி4 என்று வெளிப்படையாகக் குறித்தபின்தான் அடுத்த வேலையைத் தொடங்கினேன். பகிர்வு ஹோஸ்டிங் வாங்குபவர்கள், முதல் நாளே ‘கொடிகாமம்’ என்றொரு சொல்லை எழுதி, தேடி, பிரதியெடுத்து, அந்தப் பிரதியை வேறோரிடத்தில் திறந்து பார்க்கவேண்டும். பத்து நிமிட வேலை.

லினக்ஸ் தெரிந்தவர் இல்லாத சங்கங்களுக்கும் நூலகங்களுக்கும், ரூபாவில் கட்டும் உள்நாட்டுப் பகிர்வு ஹோஸ்டிங்கையே நான் இன்னமும் பரிந்துரைப்பேன். எங்களுக்கு நேர்ந்ததைக் கொண்டு அந்த வகை முழுவதையும் ஒதுக்குவது நியாயமாகாது. தரவுத்தளப் பிரதியை யாரையும் கேட்காமல் நாமே இறக்கிக்கொள்ள முடிகிறதா, காப்புப் பிரதிகள் எத்தனை நாள் பின்னோக்கி வைக்கப்படுகின்றன, சேவையகம் மாற்றுமுன் அறிவிப்பார்களா, புதுப்பிக்கும் விலை என்ன என்பவற்றை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கினால் போதும். பதில் தரத் தயங்குபவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் போகவேண்டாம்.

இப்போது ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்குத் தரவுத்தளத்தின் பிரதி தானாக எடுக்கப்பட்டுச் சுருக்கப்படுகிறது. ஒன்று வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குப் போகிறது. மற்றொன்று காலையில் சங்க அலுவலகக் கணினிக்கு இறங்குகிறது. முப்பது நாட் பிரதிகள் தனித்தனியாக நிற்கும். ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படுவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவற்றில் ஒன்றை எடுத்து அலுவலகக் கணினியில் மீள நிறுவி, ஏதாவது மூன்று உறுப்பினரின் கணக்கை அவர்களது பால் கொப்பியோடு வைத்துச் சரிபார்த்து, திகதியிட்டுப் பதிவேட்டில் கையொப்பமிடுகிறோம். கடவுச்சொற்களை எழுதி ஒட்டிய உறை செயலாளரின் இரும்பு அலுமாரியில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பிவந்து பொறியியல் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு அதை எப்போது திறக்கவேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை மீள்நிறுவும் வேலையை நான் தொடாமல், அவர்களே தொடக்கம் முதல் முடிவுவரை செய்து முடித்தார்கள்; நாற்பது நிமிடம் எடுத்தது.